பிள்ளையைத் தாரேன் என்றவள்

வால்நட்சத்திரம் வந்த வருஷம் உடன்குடிப் பக்கத்தில் எது கெட்டாலும் பழி அதன் தலையில்தான் விழுந்தது. மாடு கன்று வீசிவிட்டதா, வால்நட்சத்திரம். சம்பந்தம் பேசி முறிந்ததா, வால்நட்சத்திரம். அடுப்பெரிக்கத் தெரியாமல் பாகைக் கரியவிட்டவளும் வானத்தைத்தான் கை காட்டினாள். அதனால் அந்தப் பங்குனியில் தலைப்பிள்ளை பெற்ற சாலோமிக்கு என்ன ஆயிற்று என்று ரொம்ப நாள் யாரும் கேட்கவே இல்லை. கேட்கும்படி அவள் நடந்துகொள்ளவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். அது பொய். கேட்கும்படிதான் நடந்துகொண்டாள். அதற்கெல்லாம் நல்ல பெயர் சூட்டிவிட்டது அவளுடைய ஓர்ப்படியாள் ஞானசௌந்தரி.

ஞானசௌந்தரி அந்த வீட்டின் மூத்த மருமகள். மாமனார் மாமியார் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் வீட்டுக்கு எஜமானியும் அவள்தான். புருஷன் அப்பாத்துரையும் கொழுந்தன் சத்தியநேசனும் பனையேறிகள். கருக்கலில் ஏறினால் ஆளுக்கு முப்பது மரம். சாயங்காலம் பாளை சீவ மறுபடியும் அதே முப்பது. அவர்கள் இறக்கும் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது இவள் வேலை. கல்யாணமாகிப் பதினாலு வருஷம். பிள்ளை இல்லை. ஊரில் எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். கடைசி ஆளாகத் திரும்புவாள். அன்று ராத்திரி மட்டும் சாப்பிட மாட்டாள். அப்பாத்துரை அவள் பங்குக் கஞ்சியை மூடி வைத்துவிடுவான்.

சாலோமி முக்கூடல்காரி. ஆற்றங்கரைப் பிள்ளை. பத்து வயதில் தாயைப் பறிகொடுத்தவள். தலைப்பேறு பிறந்த வீட்டில் நடப்பதுதான் வழக்கம். ஆனால் அங்கே தகப்பன் இரண்டாம் தாரம் கட்டி, அவளுக்கும் நாலு பிள்ளைகள். "அங்கன போய் எவ பாப்பா? இங்கனயே பெறட்டும், நான் இருக்கேன்லா" என்று ஞானசௌந்தரி அடித்துச் சொல்லிவிட்டாள். சொன்னபடியே பார்த்தாள். மருத்துவச்சி மாரித்தாயோடு ஒன்றரை நாள் கண் மூடாமல் நின்றாள். ஆண் குழந்தை. அதைத் துடைத்து முதலில் கையில் வாங்கியதும் இவள்தான்.

பேறுகாலம் பார்த்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. கருக்கலில் எழுந்து உளுந்தங்களி கிண்டுவாள். புதுக் கருப்பட்டி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், கரண்டி நிற்கிற பதம். அதைச் சாலோமியின் பக்கத்தில் வைத்துவிட்டு, பனை நிற்கிற விளைக்கு ஓடுவாள். பருவம் அப்படி. பங்குனியில் சுரக்கத் தொடங்கினால் ஆடி வரைக்கும் பனை யாருக்காகவும் காத்திருக்காது. பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசைக்கு அங்கே விடிலி என்று பெயர். ஊருக்கு ஒரு கல் தள்ளி, பனைகளுக்கு நடுவில் இருக்கும். பகல் முழுக்க ஊரே விளையில்தான். தெருவில் கோழிகள் மட்டும் இருக்கும்.

பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் விடிலிப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பாகு இறுகாமல் கூழாகிப் போகும் என்பது நம்பிக்கை. அது அஞ்ஞானம் என்று உபதேசியார் சுவிசேஷமுத்து கோயிலில் பிரசங்கம் செய்திருக்கிறார். அவர் வீட்டுப் பாகும் இறுக வேண்டியிருந்ததால் கொஞ்சம் மெதுவான குரலில் செய்தார்.

ஆக, சாலோமி நாள் முழுக்கத் தனியாகக் கிடந்தாள்.

சாயங்காலம் திரும்பும்போது களி வைத்தபடியே இருக்கும். "ஏளா, ஏன் திங்கல?" என்றால், "பசிக்கலக்கா" என்பாள். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல மாட்டாள். வாசல் இரண்டு தடவை பெருக்கியிருக்கும். குழந்தை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை. ஓலைப் பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தை அழுதால் எடுப்பாள், பால் கொடுப்பாள், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தாள் ஞானசௌந்தரி. விடிலியில் பக்கத்து வீட்டுக்காரிகளிடம் பெருமை வேறு.

"எங்க சாலோமி தங்கம்ளா. வாயத் தெறக்க மாட்டா. பச்ச ஒடம்போட வீட்டக் கண்ணாடி மாரி வச்சிருக்கா. உங்க வீட்லயும் வந்திருக்காளுவளே, பிள்ளைய பெத்துட்டு ராணி மாரி!"

பக்கத்து வீட்டுத் தேவமணிக்கு அப்போது ஓர்ப்படியாள் வந்த புதிது. அவள் பெருமூச்சு விட்டாள்.

இருபத்தேழாம் நாள். ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஞானசௌந்தரி குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சாலோமி தண்ணீர் மொண்டு கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே, சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்கிற குரலில் சொன்னாள்:

"எக்கா, இவன நீங்க வளத்துக்கிடுதியளா?"

"நான் வளக்காம பின்ன ஊராளா வளக்கா?"

"அப்பிடி இல்லக்கா. ஒங்க பிள்ளையாவே. ஒங்களுக்கே தந்துருதேன். ஒங்க கையில இருந்தாத்தான் அழுகைய நிறுத்துதான். என்கிட்ட நிறுத்த மாட்டுக்கான். ஒங்களுக்குப் பொறக்க வேண்டியவன்தான் தப்பி வந்துட்டான்."

ஞானசௌந்தரியின் கை நின்றுவிட்டது. குழந்தையின் வயிற்றில் தண்ணீர் வழிந்து மண்ணில் இறங்கியது. பதினாலு வருஷமாக அவள் கேட்ட ஒரே காரியம் இப்படிச் செம்பும் கையுமாக நின்று பேசும் என்று அவள் நினைக்கவில்லை.

"வெளயாட்டுக்குப் பேசுதியோ?"

"இல்லக்கா. அவுகட்டயும் சொல்லுதேன். ஒங்களுக்குத் தார மனசு எனக்கு முழுசா இருக்கு."

அன்று ராத்திரி அப்பாத்துரையிடம் சொன்னாள். அவன், "சின்னப் பிள்ள, லேசாப் பேசிருக்கும். நாளைக்கு மனசு மாறும். நீ கெடந்து ஆசப்படாத" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். ஆசைப்படாதே என்று சொன்னால் நிற்கிற வயதா அது, நிற்கிற ஆசையா? மலடியாய் இருந்த அன்னாளுக்குச் சாமுவேலைக் கொடுத்த தேவன் நமக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார் என்று அவள் பாட்டுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு வைக்கிற பெயர்கூட யோசித்து முடித்துவிட்டாள்.

மறுநாள் விடிலியில் அவள் முறை.

முறை என்பது இது. மூன்று வீட்டுக்கு ஒரு விடிலி. ஒரு வீட்டுப் பதநீரை மட்டும் ஊற்றினால் காய்ச்சுகிற தாச்சிச் சட்டி நிறையாது, எரிக்கிற சருகுக்கும் கட்டுபடியாகாது. அதனால் மூன்று வீட்டுப் பதநீரும் இன்றைக்கு ஒருத்திக்கு, நாளைக்கு மற்றவளுக்கு, அதற்கு மறுநாள் மூன்றாமவளுக்கு. முறைக்காரி தாச்சியை விட்டு அசைய மாட்டாள். மற்ற இருவரும் சருகு அள்ளுவார்கள், கருப்பட்டி வார்க்கிற சிரட்டை கழுவுவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். அன்றைக்கு அந்த இருவரும், தேவமணியும் சுடலைவடிவும், சருகு பொறுக்கப் போயிருந்தார்கள். உச்சி வெயில். தாச்சியில் பதநீர் வற்றி, நுரை பொங்கிப் பொங்கி அடங்கி, கிண்டுகிற துடுப்பைப் பாகு பிடிக்கிற நேரம்.

அப்போதுதான் மருத்துவச்சி மாரித்தாய் வந்தாள். கீழூரில் ஒரு பேறுகாலம் முடித்துவிட்டுத் திரும்புகிற வழி. எந்த விளையைத் தாண்டினாலும் அவளுக்கு ஒரு பட்டைப் பதநீர் உண்டு. ஓலைப் பட்டையில் ஞானசௌந்தரி ஊற்றிக் கொடுத்தாள். கொடுத்த கையோடு, அடக்க முடியாமல், விஷயத்தையும் ஊற்றிவிட்டாள்.

"மாரித்தாயி, நீ பாத்த பேறுகாலம் யாருக்குன்னு நெனச்ச? எனக்குல்லா! சாலோமி பிள்ளைய எனக்கே தாரேன்னுட்டா."

மாரித்தாய் குடிப்பதை நிறுத்தினாள்.

"என்ன சொல்லித் தந்தா?"

"ஒங்களுக்குப் பொறக்க வேண்டியவன்னு சொன்னா. முழு மனசோட தாரேன்னா. இந்தக் காலத்துல எவளுக்கு வரும் அந்த மனசு?"

"அழுதாளா சொல்லும்போது?"

"அழல. சிரிச்ச மொகமாவும் இல்ல. சும்மாச் சொன்னா."

"ராத்திரி ஒறங்குதாளா?"

"அவ எங்க ஒறங்கா? பிள்ள ஒறங்கினாலும் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பா. அம்புட்டு அக்கற."

"களி திங்காளா?"

"கொறச்சல்தான். ஆத்தங்கரைக்காரில்லா, நம்ம களி பிடிக்கல போல."

"பிள்ளைக்குப் பால் குடுக்கையில அது மொகத்தப் பாக்காளா?"

ஞானசௌந்தரி துடுப்பால் பாகை வேகமாகக் கிண்டினாள்.

"கோவப்படுதாளா, எரிஞ்சு விழுதாளா, ஒரு நாளாவது அந்தக் களிய எடுத்து வீசுனாளா? பச்ச ஒடம்புக்காரி அப்பிடித்தான தாயி இருப்பா? நானெல்லாம் எம் மாமியாள அந்த நாப்பது நாள்ல மூணு மட்டம் வீட்ட விட்டு வெரட்டுனேன்."

"அவ சொபாவம் அப்பிடி, அடக்கமான..."

"எம்மா, ஒண்ணு கேக்குதேன், கோவிச்சுக்கிடாத." மாரித்தாய் பட்டையைக் கீழே வைத்தாள். "பிள்ளைய ஒனக்குத் தந்துட்டு, அவ எங்க போறா?"

"எங்கயும் போறேன்னு சொல்லலியே."

"அதத்தான் கேக்குதேன். ஒரே வீட்ல, ஒரே அடுப்புல இருக்கப் போறவ, எதுக்குத் தாயி பிள்ளைய ஒப்படைக்கணும்?" அவள் குரல் இறங்கிவிட்டது. "ராதாபுரத்துப் பக்கம் ஒரு பிள்ளைக்குப் பேறு பாத்தேன். அதுவும் இப்பிடித்தான், தொணைக்கு இருந்தவகிட்ட பிள்ளையப் பாத்துக்கிடுன்னு சொல்லிச்சு. எங் காதுபடச் சொல்லிச்சு. நல்ல பிள்ளைன்னு நெனச்சுக்கிட்டு எங்கூலிய வாங்கிட்டு வந்துட்டேன். மறாநாள் கெணத்துல..."

மாரித்தாய் முடிக்கவில்லை. கேட்க அங்கே ஆள் இல்லை. துடுப்பு தாச்சிக்குள் கிடந்தது. ஞானசௌந்தரி ஓடிக்கொண்டிருந்தாள்.

பாகு பதத்தில் தாச்சியை விட்டு ஓடுவது அந்தப் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். மூன்று வீட்டுப் பாடு அதில் கிடக்கிறது. அது அவளுக்கு நினைவில் வரவே இல்லை. தேரியின் செம்மணல் உச்சி வெயிலில் காலைப் பொரித்தது. நிழலுக்கு ஒதுங்கவில்லை. பாதி வழியில் மூச்சு வாங்கி ஒரு பனையைப் பிடித்து நின்றபோது, மனசின் ஒரு மூலை, 'பைய நட, என்ன அவசரம்?' என்றது. அது ஒரு கணம்தான். அந்த மூலை தன்னிடம் இருந்தது என்று அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. 'ஆண்டவரே, என்னைய என்ன மனுசியாப் படைச்சீரு!' என்று நடுக்காட்டில் வாய்விட்டுக் கத்திவிட்டு மறுபடி ஓடினாள்.

வாசல் பெருக்கித் தெளித்திருந்தது. பானை சட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. குழந்தை குளித்து, புதுச் சட்டை போட்டு, தொட்டிலில் தூங்கியது. தொட்டிலுக்குக் கீழே ஞானசௌந்தரியின் பாய் விரித்திருந்தது. அந்தப் பாயைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

சாலோமி பின்கட்டில், கிணற்றின் பக்கம், தலை சீவிச் சேலை மாற்றி உட்கார்ந்திருந்தாள்.

ஞானசௌந்தரிக்குக் கூப்பிடப் பயமாக இருந்தது. பைய நடந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் மணிக்கட்டைப் பிடித்தாள். நன்றாகப் பிடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"ஏளா, செத்துப் போயிரலாம்னு நெனச்சியா?"

சாலோமி திரும்பிப் பார்த்தாள். இருபத்தெட்டு நாளில் யாரும் அவளிடம் கேட்காததைக் கேட்டதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"ஆமாக்கா."

"இன்னைக்கா?"

"காலையிலிருந்து மூணு மட்டம் வந்துட்டேன். வரும்போதெல்லாம் பிள்ள அழுதுட்டான். இப்ப ஒறங்குதான்." பிறகு, கொட்டுகிற மழைபோல அவளுக்குப் பேச்சு வந்தது. "என்னைய மன்னிச்சுக்கிடுங்கக்கா. எனக்கு அவனப் பாத்தா ஒண்ணுமே தோணலக்கா. யாரோ வீட்டுப் பிள்ள மாரி இருக்கு. எல்லாரும் சந்தோசமான்னு கேக்காவ, சந்தோசம்னு சொல்லுதேன். உள்ள எல்லாம் செத்துக் கெடக்கு. நான் தாயே இல்லக்கா. எனக்குத் தாய் இருந்திருந்தா எப்பிடின்னு தெரிஞ்சிருக்குமோ என்னவோ. நீங்க நல்லா வளப்பிய. அவன் ஒங்ககிட்ட இருக்கட்டும்."

"மாட்டேன்" என்றாள் ஞானசௌந்தரி.

"எக்கா..."

"வாங்க மாட்டேம்ளா. எனக்குப் பிள்ள வேணும். ராத்திரியெல்லாம் பேர்கூட வச்சுப் பாத்துட்டேன், அம்புட்டு ஆச கெடக்கு. ஆனா தாய எடுத்துட்டுப் பிள்ளையக் குடுத்தா அது எனக்கு வேண்டாம். ரெண்டையும் சேத்துத்தான் வாங்குவேன். எந்திரி."

இரண்டு பேரும் அங்கேயே கட்டிக்கொண்டு அழுதார்கள். யார் யாரைத் தேற்றினார்கள் என்று சொல்ல முடியாது. பிறகு ஞானசௌந்தரி குழந்தையை ஒரு தோளில் போட்டு, சாலோமியின் கையை விடாமல், தலையில் முக்காட்டுச் சேலையை இழுத்துவிட்டு, விளையைப் பார்த்து நடந்தாள்.

விடிலியில் கரிந்த வாடை தூரத்திலேயே வந்தது. சுடலைவடிவு தாச்சியை இறக்கிவிட்டு வாயில் கை வைத்து நின்றாள். தேவமணி சாலோமியைப் பார்த்ததும் பதறினாள்.

"எக்கா, நாப்பது நாள் ஆவலியே! பாகு..."

"பாகுதான? அது கரிஞ்சு கெடக்கு, பாரு. இவ வந்து இனி என்னத்தக் கெடுக்கப் போறா?" ஞானசௌந்தரி சாலோமியை நிழலில் உட்கார வைத்தாள். "கேட்டுக்கிடுங்க ரெண்டு பேரும். இந்தப் பிள்ளைக்கு ஒடம்பு சரியில்ல. மனசுல விழுந்த நோவு. தனியா விட்டா நமக்கு மிஞ்ச மாட்டா. மறைக்க என்ன இருக்கு? மறைச்சுத்தான் இந்த நெலமைக்கு வந்துட்டு."

காத்திருந்த மாரித்தாய், "மொதல்ல ஒறக்கம். அப்புறம் வயித்துக்கு. அப்புறம் பேச்சுக்கு ஆள்" என்றாள்.

தேவமணி சாலோமியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு அவளே சொன்னாள்: "பதநிக்கு மொற வைக்கோம். இவளுக்கும் வச்சிருவோம். நாளைக்கு எம் மொற. மறாநாள் சுடலைவடிவு. யார் மொறையோ அவ சாலோமிய விட்டு அசையக் கூடாது."

"தாச்சி மாரி" என்றாள் சுடலைவடிவு. சொல்லிவிட்டுத் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ராத்திரி முழுக்க எம் மொற" என்றாள் ஞானசௌந்தரி.

மரத்திலிருந்து இறங்கி வந்த சத்தியநேசனுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவன் மடமடவென்று அரிவாள்பெட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். "நான் அவகிட்ட என்ன கேட்டேன் மைனி? கஞ்சி ஆச்சான்னுதான் கேட்டேன். ஒரு நாளும் வேற ஒண்ணும் கேக்கல."

"இனிமே கேளு. இப்பக் கேளு. அங்கன இருக்கா, போ."

அவன் போய் சாலோமியின் பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன கேட்டானோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவனும் சாயங்காலம் பாளை சீவப் போகாமல், தோளை அசைக்காமல், இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தான். அவன் மரங்களையும் சேர்த்து அப்பாத்துரை ஏறினான்.

விஷயம் உபதேசியார் காதுக்குப் போயிற்று. மறுநாள் வந்தார். நல்ல மனுஷர், ஆனால் எதற்கும் மருந்து உபவாச ஜெபம் என்று நினைப்பவர். "விசுவாசக் குறைவினாலே சத்துரு..." என்று தொடங்கினார்.

"அய்யா, பச்ச ஒடம்புக்காரிய பட்டினி போடச் சொல்லாதிய" என்று ஞானசௌந்தரி மறித்தாள். "மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடுதாசியும், ஒங்க வில்வண்டியும் வேணும். ஜெபமும் வேணும். அத வண்டியிலே போகையிலே பண்ணுவோம்."

உபதேசியார் திரும்பி வீட்டுக்குப் போய்க் கடுதாசி எழுதினார். வண்டியைத் தாமே ஓட்டினார். வழியெல்லாம் மனசுக்குள் ஜெபித்திருக்க வேண்டும். உதடு மட்டும் அசைந்தது.

ஆஸ்பத்திரியில் துரைசானி டாக்டரம்மா சாலோமியிடம் ஒரு மணி நேரம் பேசினாள். கொச்சைத் தமிழ்தான், ஆனால் அவசரப்படவில்லை. வெளியே வந்து, இது பாவமும் இல்லை, பேயும் இல்லை, பிள்ளை பெற்றவர்களில் சிலருக்கு வருகிற நோய் என்றாள். பத்து நாள் அங்கேயே வைத்துக்கொண்டாள். குடிக்க ஒரு கசப்பு மருந்து கொடுத்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது, "தனியாக விடாதீர்கள். நல்லபடி ஆகிவிட்டது என்று சீக்கிரம் நம்பிவிடாதீர்கள்" என்று இரண்டு தடவை சொன்னாள். நாங்கள் செய்ததைத்தானே இவளும் சொல்கிறாள் என்று ஞானசௌந்தரிக்கு உள்ளூரக் கர்வம்.

டாக்டரம்மா சொன்னதுபோலவே ஆயிற்று. இரண்டு நாள் சாலோமி சிரட்டை கழுவிக்கொண்டே தேவமணியோடு பேசுவாள். மூன்றாம் நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் ஒரு கிண்ணம் களியைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டாள், மறுநாள் தொடவில்லை. முறை மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. வைகாசியில் ஒரு தரம் குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தபோது, "சவத்துப் பய" என்றாள். ஞானசௌந்தரி அதை அப்பாத்துரையிடம் போய்ச் சுவிசேஷம்போலச் சொன்னாள். பாகு ஒரு நாளும் கூழாகவில்லை. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவும் இல்லை.

ஒன்று மட்டும் மாறவில்லை. குழந்தை முனகினால் போதும், ஞானசௌந்தரி எங்கிருந்தாலும் ஓடி வந்து தூக்குவாள். முதலில் அது தேவையாக இருந்தது. பிறகு பழக்கமாயிற்று. பிறகு என்ன ஆயிற்று என்று அவளுக்கே தெரியும். அவள் அதைப் பார்க்க விரும்பவில்லை.

ஆடி பிறந்து, பதநீர் குறைந்துவிட்டது. ஒரு நாள் விடிலியில் சாலோமி துடுப்புப் பிடித்திருந்தாள். அவள் முறை. ஓலைப் பாயில் குழந்தை சிணுங்கியது. வெளியே விறகு கட்டிக்கொண்டிருந்த ஞானசௌந்தரி அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து வாரி எடுத்தாள். "என் ராசால்லா, என் செல்லம்லா, பசிச்சிட்டாய்யா..."

"எக்கா!"

அப்படி ஒரு சத்தம் சாலோமியிடமிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

"எத்தன மட்டம் சொல்லுதது? இப்பத்தான் பால் குடுத்துப் போட்டேன். அவனுக்குப் பசி இல்ல, ஒறக்கச் சிணுக்கு. நீங்க தூக்கித் தூக்கித்தான் அவன் பாய்லயே கெடக்க மாட்டுக்கான். பெத்தவ எனக்குத் தெரியாதா? குடுங்க இங்க. எம் பிள்ளைய நான் பாத்துக்கிடுவேன்!"

துடுப்பைச் சுடலைவடிவு கையில் திணித்துவிட்டு வந்து, குழந்தையை ஞானசௌந்தரியின் கையிலிருந்து வாங்கி, பறித்தாள் என்றே சொல்லலாம், தோளில் போட்டு முதுகில் தட்டினாள். முகம் சிவந்திருந்தது. குழந்தை இரண்டு தட்டில் அடங்கிவிட்டது.

ஞானசௌந்தரி வெறுங்கையோடு வெளியே போனாள். பின்னாலேயே தேவமணி பதறிக்கொண்டு வந்தபோது, அவள் ஒரு பனையின் அடியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"எக்கா, மனசுல வச்சுக்கிடாதிய. அவ ஏதோ வேகத்துல..."

"ஏசிட்டாளே" என்றாள் ஞானசௌந்தரி. மூக்கைச் சிந்தினாள். கண்ணீர் வழிய வழிய முகம் மலர்ந்துவிட்டது. "எங்க கொழுந்தன் எந்த மரத்துல இருக்கான்னு பாத்துச் சொல்லு, தேவமணி. மேல இருந்தாலும் பரவால்ல, கத்திச் சொல்லு. எம் பிள்ளையத் தொடாதேன்னு சாலோமி என்னைய ஏசிட்டா!"